கருப்புக்குப் படைத்த போர்பன்

எழுமலைக்கும் உசிலம்பட்டிக்கும் நடுவே கரியில் ஓடிய பஸ்ஸை நினைவில் வைத்திருப்பவர்கள் விருமாண்டியையும் நினைவில் வைத்திருப்பார்கள். யுத்த காலத்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. பஸ்ஸின் முதுகில் ஓர் இரும்பு உலையைக் கட்டி, அடுப்புக்கரியைப் போட்டு மூட்டி, அதில் வரும் வாயுவைக் கொண்டு வண்டியை ஓட்டினார்கள். மேடு வந்தால் பாதிப்பேர் இறங்கித் தள்ள வேண்டும். மற்ற டிரைவர்கள் இறங்கச் சொன்னால் ஜனங்கள் கம்பெனிக்காரனின் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டுவார்கள். விருமாண்டி சொன்னால் சிரித்துக்கொண்டே இறங்குவார்கள். தள்ளிவிட்டு ஏறி உட்கார்ந்ததும் அவர் ஒரு கதை சொல்வார் என்று எல்லாருக்கும் தெரியும்.

அந்தக் கதைகளில் பாதி பொய். யாருக்கும் கெடுதல் செய்யாத பொய் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். மனுஷன் தங்கமானவர்தான். பிள்ளைத்தாச்சிப் பெண் ஏறினால் முன்சீட்டை ஒழித்துக் கொடுப்பார், சந்தைக்குப் போகிற கிழவிகளின் கூடையைத் தானே மேலே ஏற்றுவார். வாய்தான் கொஞ்சம் நீளம். சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தெரியாது. இந்த ஒரு குணத்தால் ஒரு மனிதன் எவ்வளவு இழக்க முடியும் என்பதை அவரிடம்தான் பார்த்தேன்.

யுத்தம் உச்சத்தில் இருந்தபோது அவர் மிலிட்டரி லாரி ஓட்ட அஸ்ஸாமுக்குப் போனார். பர்மா எல்லையில் மலையைக் குடைந்து அமெரிக்கர்கள் ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே ஓட்டிஸ் என்று ஓர் அமெரிக்கக் கறுப்புச் சிப்பாய், லாரி மெக்கானிக், இவருக்குச் சிநேகிதமானார். இரண்டு பேருக்கும் பொதுவான பாஷை கிடையாது. கையும் முகமும்தான் பேசின. ஒரு மழைக்காலத்தில் ஓட்டிஸுக்கு மலேரியா காய்ச்சல் கண்டு நினைவு தப்பிவிட, சேற்றிலும் சரிவிலும் லாரியை ஓட்டிக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் விருமாண்டி. இது பொய்யில்லை. அவருடன் போய் வந்த எழுமலைக்காரர் இன்னொருவரும் இதைச் சொல்லியிருக்கிறார்.

பிரியும்போது ஓட்டிஸ் ஒரு பாட்டிலைக் கொடுத்தார். வாய் திறக்காத புது பாட்டில். பெயர் போர்பன் என்றார். கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்த ஒருவர் மீதியை எடுத்துச் சொல்லிவிட்டுப் போனார். அவர் ஊரில் மக்காச்சோளத்தில் காய்ச்சி, மரப்பீப்பாயில் வருஷக்கணக்கில் ஊறவைத்த விஸ்கியாம். பெட்டியின் அடியில் சட்டைகளுக்கு நடுவே சுருட்டி வைத்து, தன் கல்யாணத்துக்கென்று காப்பாற்றி வைத்திருந்தாராம். பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக் கண்ணை மூடிக் காட்டினார். பிறகு விரலால் ஒரு சிறிய அளவைக் காட்டி, தண்ணீர்க் குவளையைக் காட்டி, மெதுவாக, மெதுவாக என்று கையை ஆட்டினார். விருமாண்டிக்கு நெஞ்சோடு அணைத்தது மட்டும் மனசில் நின்றது. கையை ஆட்டியது நிற்கவில்லை.

ஊருக்கு வந்ததும் பாட்டில் வீட்டு மச்சுப்பெட்டியில் ஏறியது. கதை பஸ்ஸில் ஏறியது.

"அத வாயில விட்டா எரியாது, கேட்டுக்க. பால் மாதிரி எறங்கும். தொண்டையத் தாண்டுனதும் மல்லியப்பூ வாசம் வரும். வெள்ளைக்காரத் துரைக அதுக்கு அடிச்சிக்கிருவாய்ங்க."

"நீங்க குடிச்சிருக்கீங்களாண்ணே?" என்று முன்சீட்டில் இருந்த ஒருவர் கேட்டார்.

"குடிக்காமயா சொல்லுறேன்?" என்றார் விருமாண்டி.

குடிக்கவில்லை. மூடியைக்கூடத் திருகிப் பார்த்ததில்லை. ஆனால் வார்த்தை வெளியே போய்விட்டது. அடுத்த மாதத்தில் உசிலம்பட்டிக் காப்பிக்கடை வரைக்கும் அந்தப் பாட்டிலின் புகழ் பரவிவிட்டது. ஒருவர் அதன் வாசனையைத் தானே முகர்ந்ததாகச் சொன்னார். இன்னொருவர், தலைவலி வந்தால் அதில் ஒரு சொட்டை நெற்றியில் தேய்த்தால் போதும் என்றார். விருமாண்டி எதையும் மறுக்கவில்லை. அவர் மனைவி ஒச்சாயி மட்டும், "ஏய்யா, ஒரு பாட்டிலுக்கு இம்புட்டுச் சீராட்டா?" என்று கேட்டாள். அவர் அதற்கு, அது தன் அக்கா மகன் கல்யாணத்துக்கு என்றார்.

அக்கா மலையம்மாள் பக்கத்துத் தெருவில் இருந்தாள். இளவயதிலேயே தாலி அறுத்தவள். ஒரே மகன் காளை. கிணற்றுப் பாசனத்தில் பருத்தியும் சோளமும் போட்டு அம்மாவை உட்காரவைத்துச் சோறு போட்டவன். விருமாண்டிக்கு ஒரே மகள் ஜெயக்கொடி. காளைக்கு ஜெயக்கொடி என்பது அவள் பிறந்த அன்றே பேசி முடிந்தது. பெரியவர்கள் பேசியதோடு நின்றதும் இல்லை. கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும்போது காளை பாட்டுப் பாடுவான். குடத்தை நிரப்ப ஜெயக்கொடிக்கு மட்டும் அரை நாள் ஆகும். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். யாரும் தப்பாகப் பார்க்கவில்லை, முறைப்பையன்தானே.

எங்கள் ஊரில் கல்யாணம் உறுதி செய்வதற்கு முன்னால் கண்மாய்க்கரைக் கருப்பசாமியிடம் உத்தரவு கேட்க வேண்டும். பெண்ணைப் பெற்றவர் படையல் போடுவார். சாமியாடிக்கு அருள் வந்ததும், பெண்ணைப் பெற்றவரே தன் கையால் ஒரு செம்புச் சாராயத்தைக் கொடுப்பார். சாமி அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, சுருட்டைப் பற்றவைத்து, மாப்பிள்ளையின் தாய் ஏந்தும் முந்தானையில் திருநீறு போடும். அதுதான் உத்தரவு. பெயருக்குத்தான் கேட்பது, சாமி கொடுக்காமல் போனதாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

யுத்தம் முடிந்த மறுவருஷம் மாசி மாதத்தில் உத்தரவு கேட்க நாள் வைத்தார்கள். எல்லாரும் வாங்குவதுபோல் கடையில் பட்டைச்சாராயம் வாங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை. விருமாண்டி கேட்டால்தானே. கருப்பனுக்கே அமெரிக்கச் சரக்கு கொடுத்த முதல் ஆள் என்று பேர் வாங்க வேண்டும். பொழுது சாயும் நேரத்தில் பட்டுத்துணி சுற்றிய பாட்டிலைக் கையில் ஏந்தி அவர் கண்மாய்க்கரையில் நடந்து வந்தபோது, ஆட்டுக்கிடாய்க்குப் பின்னால் வருகிற கூட்டம்போல ஊரே அவர் பின்னால் வந்தது. கொட்டுக்காரர்கள்கூட எட்டிப் பார்த்துக்கொண்டே கொட்டினார்கள்.

சாமியாடி சுருளிக்கு அருள் வந்தது. விருமாண்டி மூடியைத் திருகி, செம்பு நிறைய ஊற்றினார். தண்ணீர் ஒரு சொட்டு சேர்க்கவில்லை. சாமி செம்பை வாங்கி, வழக்கம்போல அண்ணாந்து கவிழ்த்தது. பாதி உள்ளே போயிருக்கும். அடுத்த கணம் கண் பிதுங்கி, முகம் கோணி, சாமி முழுவதையும் மண்ணில் துப்பியது. செம்பை வீசி எறிந்தது. இருமி இருமித் திணறி, திருநீற்றுத் தட்டைத் தொடாமலே மலையேறிவிட்டது.

கொட்டு நின்றுபோனது. மலையம்மாள் திருநீறு வாங்க ஏந்திய முந்தானையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

துப்பியது சாமியா, சுருளியா என்ற வழக்கில் நான் இறங்க மாட்டேன். ஊர் அன்றைக்குச் சாமி என்றுதான் எடுத்துக்கொண்டது. ஆனால் இதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள் எங்கள் முன்னோர்கள். படையலில் குறை இருந்தால், படைத்தவரே சபையில் அதைச் சொல்லி, கருப்பன் காலில் விழுந்து, வேறு படையல் போட்டு மறுபடியும் கேட்கலாம். பங்குனி முடிவதற்குள் கேட்க வேண்டும். அதனால் பூசாரி காசிமாயன் எல்லார் முன்னிலையிலும் விருமாண்டியிடம் கேட்டார்.

"மாப்ள, படையல்ல கொற ஏதும் இருக்கா? இருந்தாச் சொல்லிரு. சாமி ஏத்துக்கிரும்."

கேட்ட மாதிரியிலேயே பதிலும் இருந்தது. சரக்குப் புதுசு, சாமிக்குப் பழக்கமில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். விருமாண்டி சுற்றிலும் பார்த்தார். பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து கதை கேட்ட முகங்கள் எல்லாம் அங்கே இருந்தன.

"அமெரிக்காச் சரக்குய்யா. துரைமாரு குடிக்கிறது. நானே குடிச்சிருக்கேன். அதுல கொறையே கெடையாது" என்றார்.

அதற்குப் பிறகு காசிமாயன் என்ன செய்வார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் ஒச்சாயி களையெடுக்கப் போயிருந்தாள். விருமாண்டி வேலைக்குப் போகவில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து, மிச்சம் இருந்த பாட்டிலை எடுத்து, தம்ளரில் ஊற்றி, வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் போர்பனைக் குடித்தார்.

பால் மாதிரி இறங்கவில்லை. நாக்கில் பட்டதும் நெருப்பு. பட்டைச்சாராயத்தின் நெருப்பு அவருக்குப் பழக்கம், இது வேறே. கரிந்த கட்டையைத் தண்ணீரில் ஊறவைத்து, அதில் பழைய கருப்பட்டியைக் கரைத்து, ஆஸ்பத்திரி மருந்தில் கொஞ்சம் கலந்ததுபோல ஒரு ருசி. மல்லிகைப்பூ எங்கேயும் இல்லை. குமட்டிக்கொண்டு வந்தது. ஒருவேளை முதல் வாய் அப்படித்தானோ என்று இன்னொரு வாய் குடித்தார். அதுவும் அப்படித்தான். மூன்றாவதை முற்றத்தில் துப்பிவிட்டார்.

அப்போதுதான் ஓட்டிஸின் கை ஞாபகம் வந்தது. இவ்வளவு சின்ன அளவு, இவ்வளவு தண்ணீர், மெதுவாக. கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குடித்துப் பார்த்தார். குமட்டல் குறைந்தது, கரிந்த கட்டை போகவில்லை. ஓட்டிஸுக்கு அது தன் ஊர். தன் அம்மா வீட்டு அடுப்பு வாசனைகூட அதில் இருந்திருக்கலாம். எழுமலைக்காரருக்கு அதில் என்ன இருக்கும். இதையா தன் கல்யாணத்துக்கென்று அந்த மனிதர் கட்டிக் காத்தார், இதையா நான் ஆறு மாதமாக நெஞ்சில் சுமந்தேன் என்று விருமாண்டிக்கு வெறுத்துப்போனது. அதைவிட, சாமி ஏன் துப்பியது என்பது இப்போது சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்துபோனது. தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் சுருளி வீட்டுக்குப் போனார். சுருளி கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"நேத்து என்ன நடந்துச்சுன்னு ஒனக்குத் தெரியுமா?"

"சாமி வந்தப்ப நடந்தது எனக்கெப்புடித் தெரியும்? காலையில எந்திரிச்சா தொண்டை பூராக் கட்டை கரிஞ்ச வாடை, அம்புட்டுத்தான்." சுருளி தம்ளரைக் கீழே வைத்தார். "நீ சபையில ஒரு வார்த்த சொல்லு மாப்ள. மறுபடி நிக்கிறேன். எனக்கும் அந்தப் பிள்ளைகளப் பாத்தா மனசு கேக்கல."

"சொல்லுறேன்" என்றார் விருமாண்டி.

சொல்லத்தான் நினைத்தார். அதை நான் நம்புகிறேன். ஆனால் சொல்வதென்றால் ஒன்றோடு நிற்காது. சரக்கு நன்றாக இல்லை என்றால், குடித்தேன் என்று சபையில் சொன்னது பொய் என்றாகும். சபையில், கருப்பன் முன்னால் சொன்ன பொய். பஸ்ஸில் சொன்னது பொய். அஸ்ஸாமில் நடந்தது, மலேரியாவில் கிடந்தவனைக் காப்பாற்றியது, அதுவும் பொய் என்பார்கள். வெள்ளிக்கிழமை சொல்லலாம் என்று நாள் வைப்பார். வெள்ளிக்கிழமை கூட்டம் அதிகமாக இருக்கும். செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளுவார்; அன்றைக்குப் பஸ் ரிப்பேராகிவிடும். பங்குனி மாதம் இப்படியே கரைந்துகொண்டிருந்தது.

பஸ்ஸில் யாராவது, "அண்ணே, அந்த அமெரிக்காச் சரக்கு..." என்று ஆரம்பித்தால் இப்போது அவர் ரோட்டைப் பார்த்து ஓட்டினார். மேட்டில் இறங்கித் தள்ளியவர்கள் கதை இல்லாமலே ஏறி உட்கார்ந்தார்கள்.

ஜெயக்கொடி ஒன்றும் கேட்கவில்லை. ராத்திரிச் சோறு வைத்துவிட்டு, வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்பாள். குழம்பு போதுமா, மோர் வேண்டுமா என்று கேட்பாள். அவர் தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போய்விடுவார்.

பங்குனி முடிந்தது. மலையம்மாள் தம்பி வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"தம்பி, எனக்கு இருக்குறது ஒத்தப் பிள்ள. சாமி வேணாம்னு துப்புனதுக்கு மேல கட்டி வச்சு, நாளைக்கு அவனுக்கு ஒண்ணுன்னா நான் தாங்குவேனா? டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு எடம் வருது. நீ மனசுல வச்சுக்கிறாத."

தாலியறுத்த ஒருத்தி பயந்துகொண்டு இதைச் சொன்னாள். அந்தப் பயம் எவ்வளவு வெறும் பயம் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். அந்த நேரத்திலாவது வாயைத் திறந்திருக்கலாம். "ஒன் இஷ்டம்க்கா" என்றார். எனக்கு இதை எழுதும்போதுகூட அவர் மேல் கோபம் வருகிறது.

வைகாசியில் காளைக்குக் கல்யாணம். அதில் பெரிய கொடுமை என்னவென்றால், தாய்மாமன் இல்லாமல் அவன் மணையில் உட்கார முடியாது. மாமன் கொண்டுவரும் வேட்டியைக் கட்டி, மாமன் போடும் மாலையைத்தான் முதலில் போட வேண்டும். விருமாண்டி தாம்பாளத்தில் வேட்டியும் மாலையும் வைத்துக் கொட்டுமுழக்கோடு போனார். மகளுக்கென்று மனசில் வைத்திருந்த கழுத்தில், வேறொருத்தி தாலிக்காக, தன் கையாலேயே மாலை போட்டார். காளை குனிந்து அவர் காலைத் தொட்டான்.

"மாமா, ஒங்க மேல எனக்கு ஒண்ணுமில்ல. சாமி சொன்னதுக்கு நீங்க என்ன செய்வீங்க" என்றான்.

அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்று விருமாண்டி பின்னால் பலமுறை சொல்லியிருக்கிறார்.

ஆவணியில் ஜெயக்கொடியைத் திருப்பரங்குன்றத்தில் கொடுத்தார்கள். மாப்பிள்ளை முத்துக்கருப்பன், ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் பலசரக்குக் கடை. குடிக்கமாட்டார், அடிக்கமாட்டார். நல்லவர்தான். ஜெயக்கொடி எந்தக் குறையும் சொன்னதில்லை. சிரிப்பு மட்டும் குறைந்துவிட்டது. அதைக் குறை என்று யார் எழுதி வைப்பார்கள். நல்லது கெட்டதுக்கு எழுமலை வந்தால் கிணற்றடிப் பக்கம் போகமாட்டாள். மலையம்மாள் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் நடுவே போக்குவரத்து மெல்ல மெல்ல நின்றுபோனது. சண்டை ஒன்றுமில்லை. பார்த்தால் பேசிக்கொள்ள விஷயமில்லை, அவ்வளவுதான்.

பிறகு மதுவிலக்கு வந்தது. சாராயக்கடையை மூடினார்கள். கருப்பசாமிக்கே இளநீர்தான் என்று ஆனது. வீட்டில் அந்தப் பாட்டில் இருந்தால் போலீஸ் வரும் என்று ஒச்சாயி பயந்து, குப்பைக்குழியில் கவிழ்த்துவிட்டாள். விருமாண்டி தடுக்கவில்லை.

அந்தச் சமயத்தில் ஜெயக்கொடி தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். ஆண்பிள்ளை. ஒருநாள் காலையில் முற்றத்து வெயிலில் உட்கார்ந்து பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். விருமாண்டி எதிரே வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பேரனின் காலைப் பிடித்துக்கொண்டே, எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஆத்தா, ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்குச் சாமி துப்புனது ஒங்க ரெண்டு பேருக்காக இல்ல. அந்தச் சரக்கே வாயில வைக்க வெளங்காது. எனக்கு அது அன்னைக்குத் தெரியாது. வெகுநாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுச்சு. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு."

மன்னிப்புக் கேட்க வந்த இடத்திலும் ஒரு பொய்யைச் சேர்த்துத்தான் கேட்டார். அந்த மனுஷனுக்கு அப்படித்தான் வரும்.

ஜெயக்கொடி பிள்ளையைத் திருப்பிப் போட்டு முதுகில் எண்ணெயை வழித்துத் தேய்த்தாள். அப்புறம் சாதாரணமாகத்தான் சொன்னாள். குரல்கூட உயரவில்லை.

"மறுநா மத்தியானம் நீங்க குடிச்சுப் பாத்தத நான் பாத்தேன்யா. முத்தத்துல துப்புனீங்க. நான் அடுப்படியிலதான் இருந்தேன்."

விருமாண்டியின் கை பேரனின் காலில் அப்படியே நின்றது.

"அப்பாடா, அய்யாவுக்குத் தெரிஞ்சுபோச்சு, இனி அவுக பாத்துக்கிருவாகன்னு நெனச்சேன். அதுக்கு மொதநா பூராத் தூக்கமே இல்ல. அன்னைக்கு ராத்திரிதான் நிம்மதியாத் தூங்குனேன்."

பிள்ளைக்கு வெந்நீர் ஆறிவிடும் என்று தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.